குலதெய்வக் கோயிலில் மொட்டை: ஆட்டிசம் உள்ள மகனை எப்படித் தயார்செய்வது?

வாசகர் கேள்வி:

என் மகனுக்கு நான்கரை வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். ஸ்பீச் தெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் வாரத்தில் நான்கு நாள் போகிறோம். ஓரளவு முன்னேற்றம் இருக்கிறது. ஆனால் முடி வெட்டுவது மட்டும் பெரிய போராட்டம். நான்கு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். போன முறை கடைக்காரரே பாதியில் விட்டுவிட்டார். இப்போது சலூன் இருக்கும் தெருவில் நடக்கவே மாட்டேன் என்கிறான். வருகிற சித்திரையில் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக மாமியார் வேண்டிக்கொண்டிருக்கிறார். “அழுதா அழட்டும், எந்தப் பிள்ளைதான் அழல?” என்கிறார். இன்னும் ஒன்பது வாரம்தான் இருக்கிறது. தூங்கும்போது வெட்டிவிடலாம், சளி மருந்து கொடுத்து அழைத்துப் போகலாம் என்றெல்லாம் வீட்டில் பேச்சு நடக்கிறது. இன்னொன்று, தண்ணீர் வேண்டுமென்றால் “தண்ணி வேணுமா?” என்று என்னையே கேட்கிறான். தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று ஒருவர் சொன்னார். தயிர் சாதமும் ஒரே பிஸ்கட்டும் தவிர வேறு எதையும் சாப்பிடுவதில்லை. உறவினர் ஒருவர் ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பணம் திரட்டச் சொல்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தூங்கும்போது வெட்டுவதும் வேண்டாம், சளி மருந்தும் வேண்டாம். வீட்டில் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் காரணத்தையும் எழுதுகிறேன். மெஷின் ஓடும்போது பாதியில் விழித்துக்கொண்டால் அன்றிலிருந்து அவனுக்குப் படுக்கையே சலூன் ஆகிவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஏற்கெனவே தூக்கம் சரியாக வராது. இருக்கிற தூக்கத்தையும் கெடுத்துக்கொள்வானேன்? தூக்கம் வரவைக்கும் சளி மருந்துகளில் உள்ள ஒவ்வாமை எதிர்ப்பு மருந்து சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக வேலை செய்யும். மயங்குவதற்குப் பதில் துள்ளுவார்கள், படபடப்பார்கள். அளவு கூடினால் மூச்சு மந்தமாகும் ஆபத்தும் உண்டு. நீங்கள் எழுதாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். “பார்க்குக்குப் போறோம்” என்று சொல்லி சலூனுக்குக் கூட்டிப்போகாதீர்கள். அப்படி ஒரு தடவை செய்தால், அடுத்த தடவை நிஜமாகவே பார்க்குக்குக் கிளம்பினாலும் செருப்பு மாட்ட மாட்டான்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. மொட்டைக்கு அழாத பிள்ளை அபூர்வம்தான். ஆனால் மற்றப் பிள்ளைகள் கையில் பலூனைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். உங்கள் மகனோ ஒரு தெருவையே விட்டுவிட்டான். பிடித்து வெட்டும் ஒவ்வொரு முறையும் பயம் ஒரு சுற்று பெரிதாகிறது, அடுத்த முறைக்கு இன்னும் ஒரு ஆள் தேவைப்படுகிறது. நான்கரை வயதுக்கு நான்கு பேர் போதும். பன்னிரண்டு வயதில் எத்தனை பேரைக் கூப்பிடுவது?

கோயில் மொட்டையை அவன் தலைக்குள் இருந்து பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் பின்னந்தலையைப் பிடித்துக் குனியவைக்கிறார். சொம்புத் தண்ணீரை உச்சியில் ஊற்றித் தேய்க்கிறார். அது காதோரம் வழிந்து பனியனுக்குள் இறங்குகிறது. கத்தி சிரைக்கும் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கு லேசாகத்தான் கேட்கும், அவனுக்கோ எலும்பு வழியாகக் காதுக்குள்ளேயே கேட்கிறது. ஈரமுடி கற்றையாகத் தொடையில் விழுந்து ஒட்டுகிறது. பக்கத்து மணையில் இன்னொரு பிள்ளை அலறுகிறது. மேளம் அடிக்கிறார்கள். தாய்மாமன் பிடி இறுகுகிறது. எல்லாம் முடிந்ததும் சில்லென்று சந்தனம், அது காயக் காயத் தோல் இழுக்கிறது. இவற்றில் பெரும்பாலானதை நம் மூளை ஓரமாகத் தள்ளிவிடும். ஆட்டிசம் உள்ள பலரின் மூளை அப்படித் தள்ளுவதில்லை, அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே வரும். 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்-5 என்ற மருத்துவ அளவுகோல், புலன்களில் உள்ள இந்த வேறுபாட்டையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இதற்கெல்லாம் மேலே இரண்டு விஷயங்கள்: இது எப்போது முடியும் என்று அவனுக்குத் தெரியாது, நிறுத்தச் சொல்ல அவனிடம் வார்த்தை கிடையாது. இந்த இரண்டையும் நீங்கள் கொடுத்துவிட்டால் மீதி வேலை பாதியாகக் குறையும்.

முதல் மூன்று நாள் வெறுமனே துப்பறியுங்கள். எது அவனை உதறவைக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு நாள் பக்கத்து அறையில் டிரிம்மரை ஓடவிடுங்கள். இன்னொரு நாள் குளிக்கும்போது ஒரு கை தண்ணீரை உச்சியில் விட்டுக் காதோரம் வழியவிடுங்கள். கழுத்தில் துண்டைச் சுற்றுங்கள். தலையை ஒருமுறை லேசாக வருடுங்கள், ஒருமுறை உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். பல பிள்ளைகளுக்கு லேசான தொடுகை எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், அழுத்தமான தொடுகை இதமாக இருக்கும். பாசமாகத் தலையைத் தடவும் பாட்டியிடம் இருந்து விலகி ஓடுகிற பிள்ளை தலையணைக்கு அடியில் தானாகப் போய்ப் புகுந்துகொள்வது இதனால்தான். பார்த்ததை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சத்தம்தான் காரணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், கழுத்துக்குள் விழும் முடிதான் காரணமாக இருக்கும்.

என் பரிந்துரை சவரக்கத்தி வேண்டாம், டிரிம்மர் போதும் என்பதுதான். பிள்ளை தலையைத் திருப்பினால் கத்தி கீறும். டிரிம்மரில் சீப்பு மாட்டாமல் அடித்தால் பார்ப்பதற்கு மொட்டையேதான். முடி காய்ந்திருந்தால்தான் டிரிம்மர் ஓடும் என்பதால் தண்ணீர் ஊற்றுவது, வழிவது என்ற இரண்டு தொல்லைகளும் தன்னால் விலகிவிடும். கம்பி இல்லாத, சத்தம் குறைந்த டிரிம்மராக வாங்குங்கள். முந்தின நாள் தலைக்குக் குளிப்பாட்டுங்கள், எண்ணெய் வைக்காதீர்கள். எண்ணெய் முடி பிளேடில் சிக்கி இழுக்கும், ஒரு இழுப்பு வலித்தால் அன்றைய கதை முடிந்தது. முடி நீளமாக இருந்தால் முதலில் கத்தரிக்கோலால் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். பிளேடுக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டால் சத்தமும் இழுப்பும் குறையும். தொடர்ந்து ஓடினால் பிளேடு சூடாகும், அவ்வப்போது உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள்.

டிரிம்மரைத் தொடுவதற்கு முன்னால் அவனுக்கு மூன்று விஷயங்கள் பழக்கமாக வேண்டும். ஒன்று, எண்ணிக்கை. ஒன்று முதல் பத்து வரை எப்போதும் ஒரே வேகத்தில் சத்தமாக எண்ணுங்கள், பத்து வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். “இன்னும் கொஞ்சம்தான்டா” என்று பன்னிரண்டுக்குப் போனால் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பே போய்விடும். பல் தேய்க்கும்போதும் நகம் வெட்டும்போதும் இதே பத்துதான்.

அடுத்தது “போதும்”. சிவப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிச்சுகிச்சு மூட்டுவது, ஊஞ்சல் ஆட்டுவது போன்ற அவனுக்குப் பிடித்த விளையாட்டில் நடுவே அவன் கையைப் பிடித்து மூடியை உங்களிடம் கொடுக்கவைத்து, “போதும்” என்று நீங்களே சொல்லி அந்த நொடியே நிறுத்துங்கள். நான்கைந்து நாளில் அவனே எடுத்து நீட்டுவான். இது எதற்கு என்றால், இப்போது அவன் கத்தினால்தான் வெட்டுவது நிற்கிறது. கத்துவதுதான் அவனிடம் வேலைசெய்கிற ஒரே மொழி. அதைவிடச் சின்ன மொழி ஒன்று வேலைசெய்தால் பெரியதை அவன் எடுக்க வேண்டியதில்லை. மூடியைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் நிறுத்த வேண்டும், உங்களுக்கு எவ்வளவு அவசரமாக இருந்தாலும்.

மூன்றாவது படவரிசை. துண்டு, டிரிம்மர், பிரஷ்ஷால் துடைப்பது, குளிப்பது, ஊஞ்சல் என்று ஐந்து படங்கள். கார்ட்டூன் வேண்டாம், உங்கள் வீட்டுத் துண்டையும் உங்கள் டிரிம்மரையும் மொபைலில் எடுத்துப் பிரிண்ட் போடுங்கள். வரிசையாகச் சுவரில் ஒட்டி, ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவனையே திருப்பிவைக்கச் சொல்லுங்கள். எத்தனை மீதி இருக்கிறது என்று அவன் கண்ணாலேயே பார்த்துக்கொள்வான்.

இனி எட்டு வாரக் கணக்கு. முதல் வாரம் டிரிம்மர் அணைந்தபடி விளையாட்டுப் பொருள் அலமாரியில் கிடக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் அவன் அப்பா அதைத் தன் கையிலோ தாடியிலோ ஓட்டட்டும். பையன் அறையில் இருக்கலாம், எழுந்தும் போகலாம், யாரும் கூப்பிடக் கூடாது. இரண்டாம் வாரம் சுவரோரமாக நின்று ஓட்டி, பத்து எண்ணி அணையுங்கள். தரையில் டைல்ஸ் இருந்தால் நல்ல அளவுகோல்: ஒரு நாளைக்கு ஒரு டைல்ஸ் அளவு நெருங்குங்கள். மூன்றாம் வாரம் மூடி போட்ட டிரிம்மரின் பின்பக்கத்தை அவன் பாதத்தில், முழங்காலில், உள்ளங்கையில் அழுத்தி வையுங்கள். அவனே பிடிக்க விரும்பினால் கொடுங்கள், தன் கையில் இருக்கும் அதிர்வு அவ்வளவாகப் பயமுறுத்தாது. நான்காம் வாரம் தோள், பிடரி, காதுக்குப் பின்னால். அதற்கு முன் தலையில் துண்டைப் போட்டு இரு உள்ளங்கைகளாலும் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். ஐந்தாம் வாரம் பெரிய சீப்பு மாட்டிப் பிடரியில் ஒரே ஒரு இழுப்பு, அன்றைக்கு அவ்வளவுதான். ஆறாம் வாரம் மூன்று பத்துகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிட இடைவெளி. நாற்காலியில் உட்காரவைத்தால் காலுக்கு அடியில் முக்காலி போடுங்கள், கால் தொங்கினால் விழுந்துவிடுவோமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். ஏழாம் வாரம் அதே பெரிய சீப்போடு, இரண்டு மூன்று நாளாகப் பிரித்து முழுத் தலையும். நடுவில் ஒரு நாள் தலை கோணல்மாணலாகத்தான் இருக்கும், பரவாயில்லை. எட்டாம் வாரம் கூட்டமில்லாத ஒரு நாளில் கோயிலுக்குப் போய், மொட்டை போடும் இடத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன தயிர் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு எதுவும் செய்யாமல் திரும்பி வாருங்கள்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். பசி, காய்ச்சல், மலச்சிக்கல் உள்ள நாளில் விட்டுவிடுங்கள். முடிந்த அடுத்த நொடியே அவனுக்குப் பிடித்தது கிடைக்க வேண்டும், அது இந்த வேலைக்கு மட்டுமே கிடைக்கிற பொருளாக இருக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து அமைதியாக இருந்தால்தான் அடுத்த படி. அமைதி எது, உறைந்துபோவது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோள் காதருகே ஏறியிருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால்விரல்கள் மடங்கியிருந்தால் அவன் சமாதானமாக இல்லை, பயத்தில் உறைந்திருக்கிறான். ஒரு படி பின்னால் போங்கள்.

இது பெரும்பாலும் கெட்டுப்போவது நன்றாகப் போகிற நாளில்தான். ஐந்தாம் வாரத்தில் ஒரு இழுப்புக்குச் சிரித்தான் என்று சந்தோஷத்தில் முழுத் தலையையும் அடித்து முடித்துவிடுவார்கள், மறுநாள் டிரிம்மரைக் கண்டதும் ஓடுவான். பாட்டி அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டுவதும் அப்படித்தான். இடையில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் விட்டுப்போனால் பதற வேண்டாம், இரண்டு படி பின்னால் போய்த் தொடங்கினால் சீக்கிரமே பிடித்துக்கொள்வான். எட்டு வாரத்தில் ஐந்தாம் படியோடு நின்றாலும் வேண்டுதலுக்கு வழி இருக்கிறது. பூமுடி இறக்குவது நம் வழக்கத்தில் உள்ளதுதானே? ஒரு கற்றையைக் கோயிலில் கொடுத்துவிட்டு மீதியை வீட்டில் முடித்துக்கொள்ளலாமா என்று பூசாரியிடம் மாமியாரையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் சாக்கு என்பார்கள். அவர் கேட்டால் அது சம்பிரதாயம்.

அன்றைக்கு மற்ற எல்லோருக்கும் முன்னால், விடியற்காலையில் முடித்துவிடுங்கள். மேளக்காரர்களிடம் அந்த அரைமணி நேரம் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். டிரிம்மர் பிடிப்பது அவன் அப்பாவாகவே இருக்கட்டும், மாமன் மடியில் உட்காரலாம், ஆனால் முந்தின வாரங்களில் வீட்டிலும் அதே மடியில் பழகியிருக்க வேண்டும். சட்டையைக் கழற்றிவிட்டுக் கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டு, பக்கத்தில் மாற்று பனியன், மென்மையான பிரஷ். சத்தத்தைக் குறைக்கும் காதுமூடி வேண்டுமென்றால் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான்கள் விற்கும் கடையில் விலை குறைவாகக் கிடைக்கும். பெரியவர் அளவு என்றால் தலையை இறுக்கும், அவனைக் கூட்டிப்போய்ப் போட்டுப் பாருங்கள். கூட்டத்தில் மட்டும் போட்டால் போதும், நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தால் சாதாரணச் சத்தமும் தாங்காமல் போகும். காதோரம் வெட்டும்போது கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் அந்த இடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொபைலில் அவனுக்குப் பிடித்த வீடியோ ஓடலாம், அன்று ஒரு நாள் ஸ்கிரீன் நேரக் கணக்குப் பார்க்காதீர்கள். சந்தனம் ஒரு பொட்டு போதும்.

அப்படியும் உடைந்து அழுதால்? பொம்மை வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளை நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் கவனிக்கும், பொம்மை கிடைத்ததும் நின்றுவிடும். புலன்கள் தாங்காமல் உடையும் பிள்ளைக்கு எதிரே இருப்பது யார் என்றே தெரியாது. கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள், சமாதானப் பேச்சும் வேண்டாம். உங்கள் குரலும் அவனுக்கு இன்னொரு சத்தம்தான். கார் அல்லது ஒரு திண்ணை, ஒரே ஒரு ஆள், விளக்கும் கூட்டமும் இல்லாத இடம். தலையை இடித்துக்கொண்டால் நடுவில் ஒரு தலையணையை வையுங்கள். அணைத்தால் அடங்குகிறான் என்றால் மட்டும் அணையுங்கள். அடங்கியபின் தண்ணீர் கொடுங்கள், புத்திமதி எதுவும் சொல்லாதீர்கள். அன்றைக்கு மறுபடி முயற்சி வேண்டாம்.

இனி பேச்சு. “தண்ணி வேணுமா?” என்று அவன் சொல்வது குழப்பம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் வரும் ஒவ்வொரு முறையும் அவன் காதில் விழுந்த வாக்கியம் அதுதான். நீங்கள் “வேணுமா?” என்பீர்கள், அடுத்து டம்ளர் வரும். ஆகவே தண்ணீரை வரவழைக்கும் வாக்கியம் அது என்று சரியாகவே கற்றுக்கொண்டிருக்கிறான். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் பேச்சுக்கு வரும் வழி. தமிழில் ஒரே ஒரு “ஆ” சேர்ந்தால் கேள்வியாகிவிடுகிறது, அதனால் நீங்கள்தான் கேட்பதை மாற்ற வேண்டும். அவன் டம்ளரைப் பார்த்ததும் அவன் இடத்தில் நின்று “தண்ணி வேணும்” என்று நீங்களே சொல்லிவிட்டுக் கொடுங்கள். “தண்ணி வேணும்னு சொல்லு” என்றால் “சொல்லு” என்பதையும் சேர்த்தே சொல்வான். சில நாளுக்குப் பிறகு “தண்ணி…” என்று நிறுத்தி, மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருங்கள். நாம் இரண்டு எண்ணுவதற்குள் பேசிவிடுகிறோம், அவனுக்கு வார்த்தையைத் தேடி எடுக்க அதைவிட நேரம் வேண்டும். சொல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். தாகத்தை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது.

வீட்டில் தமிழே பேசுங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்கே சரளமில்லாத ஆங்கிலத்துக்கு மாறினால் அவன் காதில் விழுவது “கம்”, “சிட்”, “ஈட்” என்ற கட்டளைகள் மட்டும்தான். பாட்டி சொல்லும் கதையும் போய்விடும். படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் வாய்ப்பேச்சு நின்றுவிடும் என்ற பயமும் வேண்டாம், பெரும்பாலும் அது பேச்சுக்குக் கைகொடுக்கிறது. ஆவாஸ் என்ற செயலி சென்னையில் உருவானது, படத்தைத் தொட்டால் பேசும், தமிழிலும் உண்டு. பேச்சு வர வர அதன் தேவை குறையலாம். செவித்திறன் பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பிஸ்கட் உறை சத்தத்துக்கு ஓடி வருகிறானே என்று அதை விட்டுவிடாதீர்கள், சில அலைவரிசைகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம்.

சாப்பாட்டில் அவசரம் வேண்டாம், ஆனால் ஒரு தவறு மட்டும் செய்யாதீர்கள். தயிர் சாதத்துக்குள் கேரட்டை மசித்து ஒளிக்காதீர்கள். கண்டுபிடித்துவிடுவான், கேரட்டோடு தயிர் சாதத்தையும் சேர்த்து நிறுத்திவிடுவான், அப்புறம் பிஸ்கட் மட்டும்தான் மிஞ்சும். புதியதை வேறு சின்னத் தட்டில், ஒரு சுண்டைக்காய் அளவு, பக்கத்தில் வையுங்கள். சாப்பிடச் சொல்லாதீர்கள். அந்தத் தட்டு மேசையில் இருப்பதைப் பொறுத்துக்கொள்வது, தொடுவது, முகர்வது, நக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் பல நாள் ஆகலாம். சாப்பிடுவதிலேயே ஒன்றை மட்டும் மாற்றுவது இன்னும் எளிது: அதே பிஸ்கட் பாதியாக உடைந்து வருவது, அதே சாதம் வேறு கிண்ணத்தில் வருவது. நடுநடுவே பால் கொடுக்கிறீர்களா? ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் பசியும் செத்துப்போகும், இரும்புச்சத்தும் குறையும். இத்தனை குறுகிய உணவில் இருக்கும் பிள்ளைக்கு ரத்தசோகை, வைட்டமின் டி, மலச்சிக்கல் மூன்றையும் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். காரணமில்லாமல் அடிக்கிறான், கடிக்கிறான் என்று வரும் பிள்ளைகளில் சிலருக்கு வயிறு இறுகியிருப்பதுதான் காரணம்.

ஸ்டெம் செல்லுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி சில ரத்த நோய்கள் போன்றவை தவிர மற்றவற்றுக்கு அது இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது, ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கவே கூடாது. ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகச் செய்வது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது. உறவினரிடம் அந்தப் பணத்தை மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அலையும் பயணச் செலவுக்குக் கேளுங்கள். உடலியல் குறைபாடுகளைப் போலவே ஆட்டிசமும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. குறைபாட்டின் மதிப்பீடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு தெரபிச் செலவையும் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும். விண்ணப்பத்தில் ஆட்டிசம் உள்ளவர்களைப் “புற உலகச் சிந்தனையற்றோர்” என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். பக்கத்து அறை டிரிம்மரும் கழுத்தில் விழுந்த ஒற்றை முடியும் தூக்கத்தைக் கெடுக்கிற பிள்ளைக்குப் புற உலகம் தேவைக்கு மேலேயே உள்ளே வருகிறது. பெயர் வைத்தவர்கள் நேரெதிராகப் புரிந்துகொண்டார்கள்.

காது குத்து இந்தச் சித்திரையில் வேண்டாம். முடிக்கு வலி கிடையாது, காதுக்கு உண்டு. வலியை ஒத்திகை பார்க்கவும் முடியாது. குத்திய இடம் ஆறும் வரை வாரக்கணக்கில் தினமும் காதைத் தொட்டுத் துடைக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டும் நடந்தால், தலையில் கை வைத்தால் பின்னாலேயே ஊசி வரும் என்று அவன் முடிவுகட்டிவிடுவான், எட்டு வார வேலையும் போய்விடும். தாய்மாமன் வாங்கிவைத்த கடுக்கன் பத்திரமாக இருக்கட்டும், வேறொரு வருடம் போட்டுக்கொள்ளலாம். மொட்டைக்குப் பிறகு முடி அரை அங்குலம் வளர்ந்ததும் டிரிம்மரை மறுபடி வெளியே எடுங்கள். மூன்று நான்கு மாதம் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் திரும்பவும் முதல் டைல்ஸில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.